மடியில் ஒரு கீபோர்டு

ஜூன் 10, திங்கள்

இடது கையால் அடித்த முதல் வரி இது. இருபது நிமிடம் ஆனது.

ஜூன் 11, செவ்வாய்

என் பெயர் தமயந்தி. நெய்க்காரன்குளம் பேரூராட்சி, ஒன்பதாம் வார்டு உறுப்பினர். ஏப்ரலில் பக்கவாதம். வலது கை, வலது கால். நாக்கும் கொஞ்சம் தடித்திருக்கிறது. சரியாகிவிடும்.

ஜூன் 13, வியாழன்

இந்த கீபோர்டும் மவுசும் எப்படி வந்தன என்று எழுதி வைக்கிறேன்.

கொண்டுவந்தது ரஹ்மத் பீவி. பதினோராம் வார்டு உறுப்பினர், எதிர்க்கட்சி. பேருந்து நிலையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மன்றக் கூட்டத்தில் நானும் அவளும் ஒரே மைக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தவர்கள். போன சனிக்கிழமை கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வீட்டுக்குள் வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒம்பதாம் வார்டு இல்லாம கூட்டம் சப்புனு இருக்கு. சண்டை போட ஆளில்ல," என்றாள்.

நான் ஏதோ சொன்னேன். "என்ன?" என்றாள். மறுபடி சொன்னேன். அவள் பெட்டியைப் பிரித்தாள்.

மகள் கோயம்புத்தூர் போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் முன்பே முயன்று பார்த்திருந்தேன். அதைத் தொட வேண்டுமானால் மேசைமீது குனிய வேண்டும். குனிந்தால் உடம்பு வலப்பக்கம் சரிகிறது. விரலால் தடவும் சதுரமும் எனக்கு ஒத்துவரவில்லை. நடுங்கும் விரல் ஒன்றைத் தொடப் போய் வேறொன்றைத் திறந்துவிடும். ரஹ்மத் லேப்டாப்பின் பக்கவாட்டில், கீபோர்டோடு வந்த நகம் அளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகினாள். தலையணையை என் மடியில் வைத்து அதன்மேல் கீபோர்டை வைத்தாள். ஒயர் கிடையாது. நான் சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். எட்டடி தூரத்தில் மேசைமேல் இருந்த திரையில் 'அ' விழுந்தது.

மவுஸ் துணிமேல் ஓடவில்லை. மகளின் பரீட்சை அட்டையை நாற்காலியின் இடது கைப்பிடியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறோம். அதன்மேல் ஓடுகிறது.

ஜூன் 14, வெள்ளி

தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது என்று ரஹ்மத் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறாள். உயிரெழுத்தெல்லாம் இடப்பக்கம், மெய்யெல்லாம் வலப்பக்கம். வலது கைக்கு உரியதையும் இடது கையே போய் எடுத்துவர வேண்டும்.

பதினொரு வரி. மணிக்கட்டு வலி.

ஜூன் 16, ஞாயிறு

பேரூராட்சித் தலைவர் கோதண்டபாணி பார்க்க வந்தார். எங்கள் கட்சிதான். ஆப்பிள், ஹார்லிக்ஸ். "தங்கச்சி, நீ எதையும் மனசுல போட்டுக்காத. உடம்பத் தேத்து. வார்டு வேலையெல்லாம் மாப்ள பாத்துக்கிருவாரு," என்றார். மாப்பிள்ளை என்பது என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி. பேரூராட்சி வணிக வளாகத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஆகஸ்டில் குத்தகை முடிகிறது, புதுப்பிக்க வேண்டும்.

பிறகு இருவரும் உள்ளறைக்குப் போய்ப் பேசினார்கள். கதவு சாத்தியிருந்தது. காபி கொடுத்தேனா என்று நினைவில்லை. இல்லை, நான் எப்படிக் கொடுத்திருப்பேன்.

தலைவர் போன பிறகு இவர் என் மடியில் இருந்த கீபோர்டைப் பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு? நான் இருக்கேன்ல," என்றார். அன்போடுதான் சொன்னார். ஏப்ரலிலிருந்து எனக்குத் தலை வாரிவிடுவது அவர்தான். வகிடு கோணலாக வரும். ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதில்லை.

ஜூன் 19, புதன்

மவுசின் இடது பொத்தானையும் வலது பொத்தானையும் மாற்றிப்போட லேப்டாப்பில் வழி இருக்கிறது. தேடிக் கண்டுபிடித்தேன். யாரையும் கேட்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்றேன். அவர் இவரைப் பார்த்தார். இவர், "அம்மா ஒரு லிட்டர் கேக்குறாங்க," என்றார். ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுப் போனார். பரவாயில்லை, தயிருக்கு ஆகும்.

ஜூன் 22, சனி

இன்று யாரோடும் பேசவில்லை. தேவைப்படவில்லை.

ஜூன் 27, வியாழன்

ரஹ்மத் வந்தாள். வந்ததும் கதவைப் பார்த்தாள். "அண்ணன் கடைக்குப் போயிட்டாருல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஊர்க் குப்பையைக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்களே, அது முடிவாகிவிட்டதாம். எங்கள் வார்டில் கண்மாய்க் கரை ஓரப் புறம்போக்கு. பக்கத்திலேயே குடிநீர்க் கிணறு இருக்கிறது. நான் ஜெயித்த முதல் வருடம் கலெக்டர் ஆபீஸுக்குப் பத்தொன்பது தடவை நடந்து வெட்டவைத்த கிணறு.

நான் அடித்தேன். அவள் திரும்பித் திரையைப் படித்தாள். 'அங்கே கொட்ட முடியாது. வார்டு உறுப்பினர் ஆட்சேபித்தால் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.'

"அதான் அக்கா சொல்ல வந்தேன். ஒங்க வார்டுல ஆட்சேபன இல்லைன்னு சொல்ல ஆளு ரெடியா இருக்கு."

'யார்?'

ரஹ்மத் கொஞ்ச நேரம் தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "அண்ணன ஒங்களுக்குப் பதிலா உக்கார வச்சு சொல்லச் சொல்லிருக்காரு தலைவர். ஊருக்குள்ள பேச்சு."

'ஊர் ஆயிரம் பேசும்' என்று அடித்தேன். கோபத்தில் 'ஆ'வுக்குப் பதில் 'ஊ' விழுந்து, அதை அழித்துத் திரும்ப அடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

எதிர்க்கட்சிக்காரிக்கு வாய் அதிகம். ஆனாலும் அவள் கொண்டுவந்த முறுக்கு நன்றாக இருந்தது.

ஜூலை 1, திங்கள்

குப்பை விஷயமாக நான்கு கடிதம். குடிநீர் வாரியத்துக்கு, சுகாதார அலுவலருக்கு, செயல் அலுவலருக்கு, கலெக்டருக்கு. முதல் கடிதத்தை அடிக்க இரண்டு மணி நேரம். மற்ற மூன்றுக்கும் மவுசால் நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றினேன். ரஹ்மத்தின் கடையில் அச்சடித்து, இடது கையால் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபால். கையெழுத்து ஒன்றாம் வகுப்புக் குழந்தை போட்டதுபோல இருந்தது. செயல் அலுவலருக்குத் தனியாக ஒரு வரி சேர்த்தேன்: இனி என் கையெழுத்து இதுதான்.

ரஹ்மத்திடம் இன்னொன்றும் கேட்டேன். கிணற்றிலிருந்து அந்த இடம் எத்தனை அடி என்று அளந்து சொல்ல வேண்டும்.

ஜூலை 3, புதன்

நாற்பத்திரண்டு அடி. தண்ணீர் திறந்துவிடும் பிச்சையும் ரஹ்மத்தும் டேப் பிடித்து அளந்தார்கள். தரை கிணற்றுப் பக்கமாகத்தான் சரிந்திருக்கிறது என்று பிச்சை சொன்னாராம்.

ஜூலை 5, வெள்ளி

காலையில் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் கீபோர்டு இல்லை. பீரோவின் மேல் இருந்தது. தூசி படும் என்று எடுத்து வைத்திருப்பார். சுத்தத்தில் அவர் கெட்டி.

அவர் கடைக்குப் போயிருந்தார். ஊன்றுகோலால் தள்ளிப் பார்த்தேன். அது இன்னும் பின்னால் போனது. முக்காலியில் ஏற முடியாது. கடைசியில் ஊன்றுகோல் முனையில் துண்டைச் சுற்றி, பக்கவாட்டில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கட்டிலின் மெத்தைமேல் விழவைத்தேன். பதினோரு மணிக்கு ஆரம்பித்தது, ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. உடம்பெல்லாம் வேர்வை. கீபோர்டில் ஒரு கீ தெறித்துவிட்டது, 'ண'. அழுத்தி மாட்டினேன். வேலை செய்கிறது.

சாயங்காலம் வந்தவர் என் மடியைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

ஜூலை 6, சனி

கீபோர்டுக்கு இனிமேல் இடம் என் தலையணைக்கு அடியில்.

ஜூலை 12, வெள்ளி

மணிக்கு நாற்பது வரி. மணிக்கட்டு வலிக்கு, கைகால் பயிற்சி தரும் பிசியோ ஒரு பட்டை கொடுத்திருக்கிறாள். பேச்சுப் பயிற்சிக்கும் வரச் சொல்கிறாள். மூன்று வாரமாகச் சொல்கிறாள். இன்று போனேன். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து வாயைப் பார்த்துக்கொண்டே 'ப', 'ம' சொல்லச் சொன்னாள். என் வாயை ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

தேர்தலில் மைக் இல்லாமலே ஆறு தெருவுக்குக் கேட்கப் பேசியவள் நான்.

ஜூலை 20, சனி

கூட்ட அறிவிப்பு வந்தது. இருபத்தாறாம் தேதி, வெள்ளி, காலை பதினொரு மணி. தீர்மானம் பதினான்கு: கண்மாய்க் கரை புறம்போக்கில் குப்பைக் கிடங்கு.

வந்தது இன்றில்லை. பதினெட்டாம் தேதியே கடையில் வைத்து இவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். துவைக்கப் போட இவர் சட்டையை எடுத்தபோது பையில் இருந்தது.

இதற்குமேல் எழுதாமல் இருப்பதில் அர்த்தமில்லை. தலைவர் வந்த அன்று கதவுக்குப் பின்னால் பேசியது எனக்குக் கேட்டது. "குத்தகைய நான் பாத்துக்கிறேன், தீர்மானத்த நீங்க பாத்துக்கங்க," என்று தலைவர் சொன்னார். இவர், "அவகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். இத்தனை நாளும் என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கடை போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது எனக்கும் தெரியும்.

ஜூலை 22, திங்கள்

கேட்டேன். அறிவிப்பைத் திரையின் மேல் விளிம்பில் ஒட்டிவைத்து, கீழே அடித்தேன். 'இதை ஏன் மறைத்தீர்கள்?'

அவர் நின்றுகொண்டே படித்தார். "மறைக்கல. ஒனக்கு டென்சன் ஆகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு."

'கூட்டத்துக்கு நான் போகிறேன்.'

"எப்படிப் பேசுவ?" என்றார். கேட்ட பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. "நாலு பேரு சிரிப்பான் தமயந்தி. அத என்னால பாக்க முடியாது. நான் பக்கத்துல உக்காந்து, நீ நெனைக்கிறத நான் சொல்லிடுறேன்."

'நான் என்ன நினைக்கிறேன்?'

அவர் அந்த வரியைப் படித்தார். அப்புறம் உலை கொதிக்கிறது என்று அடுப்படிக்குப் போனார். உலை வைக்கவே இல்லை.

ஜூலை 24, புதன்

ரஹ்மத் மன்ற அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தலைவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பெரிய டிவி இருக்கிறது. லேப்டாப்பை அதோடு ஒயரால் இணைத்துவிட்டால், என் இருக்கையில் இருந்தபடியே கீபோர்டை மடியில் வைத்து அடிக்கலாம். இருக்கைக்கும் டிவிக்கும் இருபத்தைந்து அடி. ரஹ்மத் தன் கடையில் லேப்டாப்பை வைத்துவிட்டு, கீபோர்டைத் தூக்கிக்கொண்டு சாலை வரைக்கும் நடந்து பார்த்தாளாம். இருபத்தெட்டு அடி வரைக்கும் எழுத்து விழுகிறது. அதற்குமேல் விட்டுவிட்டு விழுகிறது.

இரண்டிலும் பேட்டரி புதிதாகப் போட்டாயிற்று.

ஜூலை 25, வியாழன்

நாளைக்குச் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே அடித்துக் கொண்டுபோகலாம் என்றாள் ரஹ்மத். வேண்டாம் என்றேன். அப்படிச் செய்தால் யாரோ எழுதிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அவர்கள் கண்முன்னால்தான் அடிப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும்.

ஜூலை 26, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் புடவைக்கு மடிப்பு வைத்துக் கட்டிவிட்டது இவர்தான். நீல நிறம் வேண்டுமென்று காட்டினேன். எடுத்துக் கொடுத்தார். ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து, திருப்பங்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மன்ற அறையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்கள். இவர் அதில் உட்கார்ந்தார். ரஹ்மத் முன்னால் போய் லேப்டாப்பை டிவியோடு இணைத்தாள். ரிமோட்டைக் காணோம் என்றார்கள். அவள் டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பொத்தானை அமுக்கினாள். என் முன்னால் இருந்த மேசை கண்ணாடி போட்டது. மவுஸ் அதில் வழுக்கியது. அறிவிப்புத் தாளை அதற்கு அடியில் வைத்தேன். ஓடியது.

பதின்மூன்று தீர்மானங்களும் கால் மணி நேரத்தில் முடிந்தன. பதினான்கை வாசித்துவிட்டுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஒம்பதாம் வார்டு உறுப்பினர் உடம்பு முடியாத நேரத்துலயும் வந்திருக்காங்க. அதுக்கு நன்றி. அவங்க சார்பா மாப்ள ரெண்டு வார்த்த சொல்லுவாரு."

இவர் எழுந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

நான் அடிக்க ஆரம்பித்தேன். முதல் சொல்லிலேயே தப்பு. அழித்தேன். இன்னொரு தப்பு. எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். மற்ற பதினான்கு உறுப்பினர்களும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது.

'இந்த மன்றத்தில் உறுப்பினர் நான். என் கணவர் இல்லை. அவர் வெளியே இருக்கட்டும்.'

அவர் அதைப் படித்தது எனக்குத் தெரியும், உதடு அசைந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் அதை அடித்திருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அழிக்கவில்லை.

தலைவர், "இதென்ன புதுப் பழக்கம்? உறுப்பினர்னா வாயால பேசணும். டிவியில எழுதிக் காட்டுறதெல்லாம் மன்றத்துல செல்லாது," என்றார். செயல் அலுவலர் சின்ன வயதுக்காரர், யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உறுப்பினர் அல்லாதவர் பேசினா அதைத்தான் சார் என்னால பதிவு பண்ண முடியாது. இது எனக்கு எழுதிக்கவும் சுலபமா இருக்கு," என்றார்.

இவர் வெளியே போனார். நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் நான் அடித்தேன். ரஹ்மத் எழுந்து நின்று, விழ விழ ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தாள். நாற்பத்திரண்டு அடி. தரைச் சரிவு. ஐப்பசி மழையில் அந்தக் குப்பைத் தண்ணீர் எங்கே போகும். தலைவர் இரண்டு தடவை நேரமாகிறது என்றார். மூன்றாவது தடவை சொன்னபோது எட்டாம் வார்டு குருவம்மாள், எங்கள் கட்சிதான், "இருங்க தலைவரே, அவங்க முடிக்கட்டும்," என்றார்.

கடைசி வரி: 'ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று. நாலு வார்டும் குடிப்பது இந்தக் கிணற்றுத் தண்ணீர். உங்கள் வீட்டுக் குடத்தை நினைத்துக் கையைத் தூக்குங்கள்.'

எல்லாவற்றுக்கும் நாற்பது நிமிடம். குருவம்மாள் பேசிய பிறகு கீபோர்டு தட்டும் சத்தமும் ரஹ்மத்தின் குரலும் மட்டும்.

தீர்மானத்துக்கு ஆதரவாக ஏழு கை. எதிராக எட்டு. ஏழாம் வார்டுக்காரர் தலைவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார். குருவம்மாள் நேராகவே பார்த்தார்.

வெளியே வந்தபோது இவர் இல்லை. ரஹ்மத் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டாள். வழி முழுக்க என் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். "அடுத்த கூட்டத்துல ஒங்களோட சண்ட இருக்கு. தெருவிளக்கு விசயத்த நான் மறக்கல," என்றாள்.

ஜூலை 27, சனி

காலையில் இவர் கடைக்குப் போகவில்லை. தலை வாரிவிட்டார். மத்தியானம் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, எதிரில் உட்கார்ந்தார்.

"என்னைய எல்லார் முன்னாடியும் வெளிய போகச் சொல்லிட்ட," என்றார்.

கீபோர்டு படுக்கையறையில் இருந்தது. அதை எடுத்துவர எழுந்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"ஆமா. சொன்னேன்," என்றேன்.

'சொன்னேன்' முழுதாக வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அவருக்குப் புரிந்தது. "என்ன?" என்று கேட்கவில்லை.

குழம்புச் சட்டியை மூடி வைத்துவிட்டு, "கடை போச்சுன்னா என்ன பண்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல தமயந்தி. பயமா இருக்கு," என்றார். திருமணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவர் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதையும் வாயாலேயே சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 29, திங்கள்

இரண்டு மனு. கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி கேட்டு ஒன்று. வணிக வளாகக் கடைகளின் குத்தகையை விதிப்படி, எல்லாருக்கும் ஒரே மாதிரி, பொதுவில் அறிவித்துப் புதுப்பிக்கக் கேட்டு ஒன்று. இரண்டாவதை அடித்து முடித்ததும் இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்தார். ஓர் எழுத்துப் பிழையைச் சுட்டிக் காட்டினார். திருத்தினேன்.

"கடைக்குப் போற வழியில நானே ஆபீஸ்ல குடுத்துர்றேன்," என்றார்.

வேண்டாம், நான் வருகிறேன் என்றேன்.

ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறார்.